பஸ் ஏறும் நாளில் விழுங்காத மாத்திரை

இரத்த அழுத்த அறைக்கு மாற்றல் வந்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தீர்களே, உங்களைப் போன்ற புதுத் தாதிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முதலில் என் வாழ்த்துகள். இந்த அறையில் யாரும் இரத்தம் சிந்த மாட்டார்கள், யாரும் அலற மாட்டார்கள், பிழைத்து எழுந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லவும் மாட்டார்கள். நீங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். அவசரப் பிரிவில் இருக்கும் தோழி சாப்பாட்டு வேளையில் வீரக்கதை சொல்லும்போது, நீங்களும் விட்டுக்கொடுக்காமல், "இன்னிக்கு ஒரு அம்மாவ ஊறுகாய நிறுத்த வச்சேன்" என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

நான் படித்தது மூன்றாம் படிவம் வரைதான். காலையில் முருகனுக்கு விளக்கேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வீட்டுக்காரருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிய உதவித் தாதி. எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் இருந்தேன். எந்தக் கிளினிக் என்பது உங்களுக்கு வேண்டாம். டாரா திங்கி என்று மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒரே பெயரில் சொல்லும் உயர் இரத்த அழுத்தக்காரர்கள் அங்கே பெருகிக்கொண்டே போனார்கள். டாக்டருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க நேரமில்லை. ஆகவே மேலே இருப்பவர்கள் கூடிப் பேசி ஒரு பெரிய சீர்திருத்தம் செய்தார்கள். இனிமேல் இவர்களைத் தாதியே பார்ப்பாள், விசாரிப்பாள், புத்தி சொல்வாள், மருந்தைத் தொடர்ந்து கொடுப்பாள். அளவு ஏறினால் மட்டும் டாக்டரைக் கூப்பிடுவாள். இதற்காக எனக்குத் தனி அறையும் கொடுத்தார்கள். துடைப்பமும் வாளியும் இருந்த அறை. துடைப்பத்தை யாரும் எடுக்கவில்லை, நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

வந்தவர்கள் முதல் நாள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "டாக்டர் இல்லியா மிஸ்ஸி?" என்று கேட்பார்கள். நம் ஊரில் தாதி எத்தனை வயதானாலும் மிஸ்ஸிதான், அது உங்களுக்கும் தெரியும். "நான்தான் பாக்கப் போறேன்" என்றால் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள், டாக்டர் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கிறாரோ என்று.

என் அறைக்குள் வந்தவர்கள் எல்லோரும் புண்ணியவான்கள். உப்பைத் தொடாதவர்கள், கருவாட்டைக் கண்ணால் காணாதவர்கள், சுருட்டை எப்போதோ விட்டவர்கள். சட்டைப்பையில் சுருட்டு எட்டிப் பார்க்கும். அது பக்கத்து வீட்டுக்காரருடையது என்பார்கள். நானும் தலையாட்டுவேன். எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருக்கும்போது பிரஷர் மிசினில் பாதரசம் மட்டும் ஏன் இப்படிக் கெட்டுப்போய் மேலே மேலே ஏறுகிறது என்பது எங்களுக்குப் பெரிய மர்மமாக இருந்தது.

அந்தப் புண்ணியவான்களில் முதல் வரிசை ராமையா அண்ணன். ஆயர் ஈத்தாம் பசாரில் தேங்காய்க் கடை. தேங்காயை உடைத்துத் திருவிக் கொடுக்கும் தோள். அறைக்குள் நுழைந்தால் என் மேசை சின்னதாகிவிடும். வரும்போதெல்லாம் பிரஷர் ஏறியிருக்கும். டாக்டரைக் கூப்பிடுவேன். அவர் அப்போதுதான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த நம் பிள்ளை, கெட்டிக்காரர், நல்லவர். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு சேத்துருவோம்" என்பார். மாத்திரை கூடும். அடுத்த முறையும் ஏறியிருக்கும்.

"அண்ணே, மருந்து ஒழுங்கா போடுறீங்களா?"

"முருகன் மேல சத்தியமா போடுறேன் மிஸ்ஸி."

"அப்புறம் ஏன் இப்படி ஏறுது?"

"அத உங்க மிசினத்தான் கேக்கணும்."

முருகன் மேல் சத்தியம் என்றால் எனக்கு அதற்கு மேல் கேட்க வராது. தண்ணீர்மலைக் கோவில் முருகனை வைத்துக்கொண்டு பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். அதுவும் உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையே.

அவர் மனைவி செல்லம்மா அக்கா ஒவ்வொரு தடவையும் கூடவே வருவார். பின்னால் இருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, கணவர் பேசுவதையெல்லாம் செய்தி கேட்பது மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஏதாவது கேட்டால், "அவரு சொல்லுவாரு" என்பார். இந்தப் பதிலை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் ராமையா அண்ணன் கையில் பிரஷர் பட்டியை நான் கட்டும்போதே சொன்னார்:

"இந்த வருசம் காவடி எடுக்குறேன் மிஸ்ஸி. சும்மா காதுல போட்டு வைக்கிறேன்."

அவர் மகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்காமலே இருந்தது. பலமுறை கலைந்து, கடைசியில் அந்த வருஷம்தான் ஒரு பெண் குழந்தை உயிரோடு பிறந்து நிலைத்தது. பேத்தி தங்கினால் காவடி எடுக்கிறேன் என்று பிரசவ அறை வாசலில் நின்று வேண்டிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பிலிருந்து குரல் சின்னதாக வந்தது. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவள்தான். நல்லது அண்ணே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பாதரசம் நின்ற இடத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் தானே ஒரு தடவை அளந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இந்தப் பிரஷரோட காவடியத் தூக்கிட்டு மலை ஏறப் போறீங்களா? பாதி வழியில வாய் கோணிக்கும் ஐயா. கை கால் விளங்காம போயிரும்."

"போனா முருகன் பாத்துக்குவாரு டாக்டர்."

"அவரு பாக்கட்டும். அப்புறம் உங்களக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கையில திருப்பிப் போடுறது யாரு? அவரா வருவாரு?"

முருகா மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

"இன்னிக்கே பெரியாஸ்பத்திரியில சேந்துருங்க. காவடியெல்லாம் கெடையாது. லெட்டர் எழுதிட்டு வரேன். நர்ஸ், கொஞ்சம் பேசி வைங்க."

பேசி வைங்க. பிள்ளைகளே, இந்த இரண்டு வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தால் ஆகாதது, லெட்டரால் ஆகாதது, அதிகாரத்தால் ஆகாதது எல்லாம் இந்த இரண்டு வார்த்தைக்குள் மடித்து உங்கள் கையில் கொடுக்கப்படும். கொடுத்தவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

ராமையா அண்ணன் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நான் கெஞ்சினால் வெளியே போவார், மிரட்டினால் இன்னும் வேகமாகப் போவார். போனவர் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். கிளினிக்கே வராத நோயாளிக்குப் பிரஷர் ஏறாது என்று நம்மில் சிலருக்கு ஒரு நிம்மதி உண்டு. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"போங்க அண்ணே. போறதுக்கு முந்தி சொல்லுங்க, இன்னிக்குக் காலையில மாத்திர போட்டீங்களா?"

"நான் எப்பயும் போடுறவன்தான்."

"எப்பயும் இல்ல. இன்னிக்கு."

அவர் துடைப்பத்தைப் பார்த்தார். அப்போதுதான் முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்களேன். சத்தியம் பண்ணத் தெரியுதுல்ல."

"நீ சும்மா இருலா."

"எம்புட்டு நாளுதான் சும்மா இருக்கிறது? மிஸ்ஸி, இவரு வீட்ல இருக்கிற நாளு மாத்திர போடுவாரு. வெளிய போற நாளு போட மாட்டாரு. இவரு வீட்ல எப்ப இருக்காருன்னு கேளுங்க."

உண்மை மெதுவாக வெளியே வந்தது, தேங்காய் மட்டையிலிருந்து நார் வருவது மாதிரி. மாத்திரைகளில் ஒன்று தண்ணீர் பிரியும் மாத்திரை. காலையில் விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் ஒதுங்க வேண்டும், மறுபடியும் ஒதுங்க வேண்டும். முதன்முதலில் அதைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பஸ் ஏறிய நாளில் பாதி வழியில் இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் பின்பக்கம் ஓடியிருக்கிறார். கடைக்காரர் திட்டியிருக்கிறார். அங்கே நின்ற ஒருவர் இவரிடம் தேங்காய் வாங்குகிறவர். அன்றோடு முடிந்தது. பஸ் ஏறும் நாளில் மாத்திரை இல்லை. எது தண்ணீர் மாத்திரை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால் எதுவுமே இல்லை. பசாரில் கூட்டம் இருக்கும் நாள், கல்யாணம், சாவு, கோவில், எந்த நாளும் இல்லை.

"இங்க வந்தாலும் அதே கததான்," என்றார் அக்கா. "கக்கூசு அந்தக் கடைசியில, பல்லு டாக்டரத் தாண்டி. போயிட்டு வர்றதுக்குள்ள நம்பர் கூப்ட்டுருவீங்க. வந்தா, கடைசியில போயி உக்காருன்னு சொல்லுவீங்க. மனுசன் என்னா பண்ணுவாரு?"

அது எங்கள் கிளினிக்கின் சட்டம். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒழுங்குக்காகப் போட்ட சட்டம். ஒழுங்கு நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் தண்ணீர் பிரியும் மாத்திரையைக் கொடுப்போம், பிறகு அவர்களைக் கழிப்பறைக்குப் போகவிடாமல் உட்கார வைப்போம், மாத்திரை போடாமல் வந்தவர்களை அளந்து பார்த்துத் திடுக்கிட்டு இன்னும் அதிக மாத்திரை கொடுப்போம். இப்படி ஓர் ஏற்பாட்டை ஒரு பைத்தியக்காரன் தனியாக உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது. அதற்கு ஒரு அலுவலகம் வேண்டும்.

"மாத்திர இப்ப கையில இருக்கா?" என்று கேட்டேன். அக்கா எடுத்துக் கொடுத்தார். "இங்கயே முழுங்குங்க அண்ணே. முழுங்கிட்டு இங்கயே உக்காருங்க. மத்தியானம் மறுபடி பாக்குறேன். உங்க நம்பர யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"அதுவரைக்கும்..." என்று இழுத்தார்.

தாதியருக்கென்று இருந்த கழிப்பறை என் அறைக்கு அடுத்ததுதான். அதன் சாவி எங்களுக்கெல்லாம் மேலாளான தலைமைத் தாதி, எங்கள் சிஸ்டரிடம் இருக்கும். தங்கச் சாவி மாதிரி. அதை வாங்கிவந்து ராமையா அண்ணன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஸ்டாஃப் டாய்லெட்டுல ஒரு ஆம்பள இருக்காரு. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் சிஸ்டர். அது அவருக்குக் குடுத்திருக்கிற வைத்தியம்."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மாத்திரையும் கிடையாது. ஆனாலும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மத்தியானம் பார்த்தபோது பாதரசம் நன்றாகவே இறங்கியிருந்தது. நல்ல அளவு என்று சொல்ல முடியாது, ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் அளவும் இல்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்து போய், பெஞ்சில் காத்திருந்தவர்கள் முன்னால் நின்று கேட்டார்: "இன்னிக்குக் காலையில தண்ணி மாத்திர போட்டுட்டு வந்தவங்க கைய தூக்குங்க."

எல்லோரும் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார்கள். மலாயிலும் ஒரு முறை கேட்டார். அதே காற்றாடியை அந்தப் பெஞ்சுக்காரர்களும் பார்த்தார்கள். டாக்டர் திரும்பி வந்து, எழுதி வைத்திருந்த லெட்டரைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து கழிப்பறைக்குப் போனவரின் முறை தப்பாது என்று ஆயிற்று. கையெழுத்திட்ட உத்தரவு எதுவும் இல்லை, அதனால்தானோ என்னவோ அது நின்றுவிட்டது.

ஆனால் காவடி? டாக்டர் அசையவில்லை. "வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றார். ராமையா அண்ணனும் அசையவில்லை. "குடுத்த வாக்கு" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், நான். அலகு குத்த வேண்டாம், தேர் மாதிரிப் பெரிய காவடி வேண்டாம், மயிலிறகு வைத்த சின்ன மரக்காவடியில் பால் சொம்பு கட்டி எடுங்கள் என்றேன். ஊரெல்லாம் சுற்றாமல் மலைக்குக் கிட்டத்தில் கட்டி, வெயில் ஏறுவதற்கு முந்திப் புறப்படுங்கள், நானும் பால்குடத்தோடு கூட வருகிறேன் என்றேன். அவர் இரண்டு கையையும் விரித்து அந்தச் சின்னக் காவடியின் அளவைப் பார்த்தார். பிறகு, "முருகன் சின்னதுன்னு கோவிச்சுக்குவாரா மிஸ்ஸி?" என்று கேட்டார். "அவரு அளந்து பாக்குற ஆளு இல்ல அண்ணே, நாங்கதான் அளந்து பாக்குறவங்க" என்றேன்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு இது எதுவும் தெரியாது. ஆனா காவடி எடுக்கிறவங்க பொதுவா அன்னிக்குத் தண்ணி மாத்திரய மட்டும் மலை இறங்கி வந்து போடலாம். மத்தத வழக்கம்போலப் போடணும். ஒரு நாளும் விடாம."

அன்றிலிருந்து தைப்பூசம் வரை ராமையா அண்ணன் ஒரு நாளும் விடவில்லை. எது தண்ணீர் மாத்திரை என்று நான் பிரித்துக் காட்டியிருந்தேன், அக்கா முன்னால் நின்று விழுங்க வைத்தார். பிரஷரும் இறங்கி நின்றது. எல்லாம் யோசித்துவிட்டோம் என்று நினைத்தேன். எல்லாம் யோசித்துவிட்டோம் என்று தோன்றுகிற அன்றைக்கு, பிள்ளைகளே, இன்னொரு முறை உட்கார்ந்து யோசியுங்கள்.

பூசத்தன்று வெயில் ஏறுவதற்கு முந்திப் புறப்படும் திட்டம் நம்மவர்களின் திட்டம் மாதிரியே நடந்தது. மேளக்காரர் வரத் தாமதம், மாமா வரத் தாமதம், படம் எடுக்கிறவர் வரத் தாமதம். காவடியைத் தோளில் ஏற்றியபோது வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஆயினும் அவர் நன்றாகத்தான் ஆடி வந்தார். நான் சற்றுத் தள்ளி, தலையில் குடத்தோடு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் வர, நடந்துகொண்டிருந்தேன். பேத்தியை மகள் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மலைப்படி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஆட்டம் மாறியது. முன்னும் பின்னுமாகச் சாய்ந்தார். கண் மேலே செருகியது. கூப்பிட்டால் பதில் இல்லை.

"சாமி வந்துருச்சு," என்றார் அக்காவின் தம்பி. ராமையா அண்ணனின் மச்சான், கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. "அடிங்கடா. விடாம அடிங்க."

உறுமி எகிறியது. வேல் வேல் என்று கூட்டம் முழங்கியது. இரண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்தார்கள். மகள் அழுதுகொண்டே கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானும் விரதக்காரி. வந்திருப்பது அவன்தான் என்று நம்புவதற்கு எனக்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் அருள் வந்தவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், என் மாமியாருக்கே வரும். அருள் வந்த உடம்பு தன்னைப் பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு போகும். இங்கே பிடித்தவர்கள்தான் அந்த உடம்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலையில் இருந்த குடத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்தேன். ராமையா அண்ணன் கையைத் தொட்டேன். அந்த வெயிலில் சில்லென்று இருந்தது. நாடி விரலுக்கு அகப்படுவதும் நழுவுவதுமாக ஓடியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. "என் வெரல அமுக்குங்க அண்ணே" என்று இரண்டு கையிலும் விரலைக் கொடுத்தேன். இரண்டும் ஒன்று போல, குழந்தை பிடிப்பது மாதிரி மெதுவாக அமுக்கின. டாக்டர் பயந்தது நடக்கவில்லை, இது வேறு. மயங்கிக்கொண்டிருக்கிற மனிதரைப் படுக்கவிடாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். இப்படியே இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் தலைக்கு இரத்தம் போகாது.

நான் நினைத்தது தப்பாக இருந்தால்? நேர்த்திக்கடனை நடுவழியில் தடுத்தவள், முருகனையே கீழே தள்ளியவள் என்ற பேரோடு இதே ஊரில் வாழ வேண்டும். அதைவிட, அந்தப் பேரோடு நாளைக் காலையில் விளக்கேற்ற வேண்டும்.

"படுக்க வைங்க," என்றேன்.

"மிஸ்ஸி, இது கிளினிக் இல்ல," என்றார் மச்சான். "சாமி விசயத்துல கைய வைக்காதீங்க."

"எனக்கு சாமியும் தெரியும், மயக்கமும் தெரியும். இது மயக்கம். சாமியா இருந்தா எந்திரிச்சு என்னையத் திட்டட்டும், நான் வாங்கிக்கிறேன்."

"காவடி தரையில படக்கூடாது."

"காவடி படவேணாம். மனுசன் படட்டும்."

"யாரு தூக்குறது? விரதம் இல்லாதவன் தொட்டா குத்தமாயிரும். நானே நேத்து..." என்று சொல்ல வந்தவர் நேற்றுச் சாப்பிட்டது என்னவென்று சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அதுவரை கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மா அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"இங்கிட்டு குடு."

"அக்கா, நீ எப்படி..."

"அவரு இருந்த விரதத்துக்கு ஆக்கிப் போட்டது யாரு? நானுந்தான் கூட இருந்தேன். குடுடா. பேச நேரமில்ல."

காவடி தோள் மாறியது. தரையில் படவில்லை. உறுமிக்காரர் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். அக்கா முறைத்த முறையில் அவருக்கு வழி தெரிந்தது. மேளம் அக்காவின் பின்னால் படியேறிப் போனது.

நாங்கள் அண்ணனைத் தண்ணீர்ப் பந்தலுக்குள் தூக்கிப்போய்ப் படுக்க வைத்து, கால்களை ஐஸ் பெட்டியின் மேல் தூக்கி வைத்தோம். முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டாரா திங்கிக்காரருக்கு என் கையால் உப்பு கொடுத்தேன்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க அண்ணே?"

"நேத்து மத்தியானம்."

"ஏன்?"

"காவடியத் தோள்ல வச்சுக்கிட்டு எங்க போயி ஒதுங்குறது மிஸ்ஸி? மாத்திர மட்டும் நீங்க சொன்ன மாதிரி போட்டேன்."

மாத்திரையைப் பற்றிப் பேசினோம், உப்பைப் பற்றிப் பேசினோம், அலகைப் பற்றி, வெயிலைப் பற்றி, கடவுளைப் பற்றிக்கூடப் பேசினோம். தண்ணீர் குடியுங்கள் என்று ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

"காவடி?" என்று கேட்டார்.

"அக்கா தூக்கிட்டுப் போறாங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேளச் சத்தம் மேலே போகப் போகத் தேய்ந்தது. அது கேட்காமல் போகும் வரை துண்டை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் குடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு நான் தனியாக மேலே போய்ப் பாலைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

அக்கா இறங்கி வந்து கணவர் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். பக்கத்தில் உட்கார்ந்து தன் பிடரியைத் தடவிக்கொண்டார். "வெயிலு," என்றார். நாங்களும் வெயில் என்றுதான் நினைத்தோம்.

பூசம் கழிந்து அடுத்த கிளினிக் நாளில் இருவரும் வந்தார்கள். ராமையா அண்ணன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கழிப்பறைக்கும் போய்விட்டு, ராஜா மாதிரி வந்து உட்கார்ந்தார். அளவு நன்றாக இருந்தது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் காவடிக் கதைதான் போலிருக்கிறது. கதையில் இப்போது அவரே மனமுவந்து மனைவிக்கு அந்தப் பாக்கியத்தை விட்டுக்கொடுத்திருந்தார். அக்கா முக்காலியில் இருந்து சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியைச் சுருட்டி வைக்கப் போனவள், என்னவோ தோன்றி, அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, நீங்க இப்படி வந்து உக்காருங்க."

"எனக்கு எதுக்கு மிஸ்ஸி? நான் கூட வந்தவ."

"சும்மா பாப்போம்."

கட்டிக் காற்றை ஏற்றினேன். இறக்கும்போது, அவர் கணவருக்கு ஒருநாளும் கேட்காத உயரத்திலேயே துடிப்புக் கேட்கத் தொடங்கியது. நான் தவறாகக் கேட்கிறேன் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்து மறு கையில் கட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

"என்னா மிஸ்ஸி, மிசின் கெட்டுப் போச்சா?" என்று சிரித்தார் ராமையா அண்ணன். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எத்தனையோ தடவை அந்த அறைக்குள் வந்து, அந்தப் பட்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. ஒரு தடவையும் யாரும் அளக்கவில்லை, அவர் பெயரில் அட்டை இல்லை என்பதால். டாக்டர் வந்தார், பார்த்தார், "பேசி வைங்க" என்று சொல்லாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரே உட்கார்ந்து பேசினார்.

டாக்டர் போன பிறகு ராமையா அண்ணன் மெதுவாகக் கேட்டார்:

"பூசத்தன்னிக்கும் இவளுக்கு இம்புட்டு இருந்திருக்குமா மிஸ்ஸி?"

"இருந்திருக்கும் அண்ணே."

"காவடியோட அத்தன படியும் ஏறினாளே. அப்ப இவளத் தூக்கிட்டுப் போனது யாரு?"

எனக்குத் தெரிந்த பதிலை அங்கே சொல்ல முடியாது. நான் தாதி உடுப்பில் இருந்தேன், வெளியே பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. அக்காவுக்குப் புதிதாக ஓர் அட்டை எழுதி, எந்த மாத்திரை எதற்கு என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். பதிலை வீட்டுக்குப் போய் விளக்கேற்றும்போது சொன்னேன், சொல்ல வேண்டியவனிடம்.

அந்தப் பதிலை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அறையிலும் ஒரு முக்காலி இருக்கும், அதில் யாரோ ஒருவர் கூட வந்தவராக உட்கார்ந்திருப்பார். அவர் கையையும் ஒரு தடவை நீட்டச் சொல்லுங்கள்.